அமெரிக்கப் பத்திரிகை வரலாற்றாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் சமூகத்தில் பத்திரிகைகள் என்ன வேலை செய்தன என்பதையே வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்ட பேராசிரியர்கள் பலர் உண்டு. அந்தத் துறையைப் பற்றியும் அதில் ஒருவர் எப்படி முன்னேறுகிறார் என்பதைப் பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பத்திரிகை வரலாற்றாய்வாளர் என்னதான் செய்கிறார்? பழைய பேப்பர் படிப்பதா?

படிக்கத்தான் செய்கிறார், ஆனால் வேறு விதமாக. உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர், போர்க்களத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளப் பழைய பேப்பரைப் புரட்டுவார். பத்திரிகை வரலாற்றாய்வாளருக்கோ அந்தப் பேப்பர்தான் ஆய்வுப்பொருள். யார் அச்சடித்தார், காசு எங்கிருந்து வந்தது, எந்த வழியாக ஊர் போய்ச் சேர்ந்தது, யார் கையில் கிடைத்தது, படித்தவர் அதை வைத்து என்ன செய்தார் என்று கேட்டுக்கொண்டே போவார்.

ஓர் உதாரணம். 1690 செப்டம்பர் 25 அன்று பாஸ்டனில் பெஞ்சமின் ஹாரிஸ் என்பவர் 'பப்ளிக் அக்கரன்சஸ்' என்ற இதழை வெளியிட்டார். பிரிட்டிஷ் அமெரிக்கக் குடியேற்றங்களின் முதல் செய்தித்தாள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். உரிமம் வாங்காமல் அச்சிட்டார் என்று சொல்லி நான்கே நாளில் ஆளுநரும் அவரது சபையும் தடை போட்டார்கள். இரண்டாவது இதழ் வரவே இல்லை. பாடப்புத்தகத்தில் இது தணிக்கைக் கதையாக முடிந்துவிடும். ஆனால் அந்தத் தாளில் மூன்று பக்கங்களில்தான் அச்சு இருக்கிறது. நான்காவது பக்கம் வெற்றுப் பக்கம். வாசகர் தனக்குத் தெரிந்த சேதியை அதில் கையால் எழுதி, ஊரில் இருக்கும் உறவினருக்கோ நண்பருக்கோ அனுப்பிவிடலாம் என்பது ஏற்பாடு. அன்றைக்குக் கடிதத்துக்கும் செய்தித்தாளுக்கும் நடுவில் பெரிய கோடு இல்லை என்பதை அந்த வெள்ளைப் பக்கம் காட்டிவிடுகிறது. தடை உத்தரவைவிட அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்பவர்தான் இந்தத் துறைக்குச் சரியான ஆள்.

இது எப்போது ஒரு தனித் துறையாக ஆனது?

முதலில் எழுதியவர் பேராசிரியர் இல்லை, அச்சுக்காரர். ஐசயா தாமஸ் 1770இல் 'மாசசூசெட்ஸ் ஸ்பை' பத்திரிகையைத் தொடங்கியவர். வயதான பிறகு, 1810இல், அமெரிக்க அச்சுத்தொழிலின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதினார். தான் சேர்த்து வைத்திருந்த பத்திரிகைகளையும் புத்தகங்களையும் கொண்டு 1812இல் வுஸ்டர் நகரில் அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டியை நிறுவினார். அமெரிக்காவின் தொடக்ககாலப் பத்திரிகைகளை ஆய்வு செய்யும் எவரும் இன்றும் அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது.

பல்கலைக்கழகத்துக்குள் இது நுழைந்தது இதழியல் பள்ளிகளின் வழியாக. மிசௌரியில் 1908இலும் கொலம்பியாவில் 1912இலும் இதழியல் பள்ளிகள் வந்தன. வருங்கால நிருபர்களுக்குத் தொழிலின் பெருமையைச் சொல்லித்தர ஒரு வரலாற்றுப் பாடம் வேண்டியிருந்தது. துறையின் பலமும் பலவீனமும் அங்கிருந்தே வந்தவை.

இந்தத் துறையில் முழு வாழ்க்கையைக் கழித்த ஒருவரைச் சொல்ல முடியுமா?

ஃபிராங்க் லூதர் மாட். 1886இல் அயோவா மாநிலத்தில், வாட் சியர் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தவர். அப்பா வார இதழ் நடத்தியவர். மகனும் அயோவாவின் சிறிய ஊர்களில் வார இதழ் வேலை பார்த்தார். சிற்றூர் வார இதழில் ஆசிரியர் என்றால் தலையங்கம் எழுதுவதோடு முடியாது. விளம்பரம் பிடிக்க வேண்டும், சந்தா பாக்கியைக் கேட்டு நடக்க வேண்டும். அப்புறம்தான் ஆங்கிலம் கற்பிக்கப் போனார். கொலம்பியாவில் முனைவர் பட்டம் வாங்கியது 1928இல், 42 வயதில். அதற்கு முந்தைய ஆண்டே அயோவா பல்கலைக்கழக இதழியல் பள்ளியின் இயக்குநர் ஆகியிருந்தார். 1942 முதல் 1951 வரை மிசௌரி இதழியல் பள்ளியின் டீன். 1964இல் காலமானார்.

அவர் எடுத்துக்கொண்ட காரியம் அமெரிக்க மாத, வார இதழ்களின் முழு வரலாறு. முதல் தொகுதி 1930இல் வந்தது. இரண்டும் மூன்றும் 1938இல் வந்து, மறு ஆண்டு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. நான்காம் தொகுதி 1957இல். அதற்கு பான்க்ராஃப்ட் பரிசு. ஐந்தாம் தொகுதி அவர் இறந்த பிறகு 1968இல் வெளிவந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைப்பு, அப்படியும் நினைத்ததை முடிக்கவில்லை. இடையில் 1941இல் அமெரிக்கச் செய்தித்தாள்களின் வரலாற்றையும் ஒரே பெரிய நூலாக எழுதினார். அது பல ஆண்டுகள் இதழியல் மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது.

இன்று மாட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பவர் குறைவு. ஆனால் ஏதோ ஒரு பழைய இதழின் பெயர் ஆய்வில் தட்டுப்பட்டால், எப்போது தொடங்கியது, யார் நடத்தினார், என்ன விலை, ஏன் நின்றது என்று பார்க்க அவரிடம்தான் போகிறார்கள். விலையையும் சந்தாவையும் அவ்வளவு கவனமாகக் குறித்து வைத்ததில் பழைய வார இதழ்க்காரரின் கை தெரிகிறது.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் எதை மாற்றினார்கள்?

1974இல் 'ஜர்னலிசம் ஹிஸ்டரி' என்ற ஆய்விதழ் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே ஜேம்ஸ் கேரி என்ற தகவல் தொடர்பியல் பேராசிரியர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். பத்திரிகை வரலாறு என்றால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்பது அவர் குறை. அடிமைப்பட்டிருந்த பத்திரிகை கொஞ்சம் கொஞ்சமாகச் சுதந்திரம் பெற்று, மாபெரும் ஆசிரியர்களின் தோளில் ஏறி, இன்றைய உன்னத நிலைக்கு வந்து சேர்ந்தது என்ற கதை. தொழில்காரர்களே தங்கள் தொழிலின் வரலாற்றை எழுதினால் அப்படித்தான் வரும். அதற்குப் பதிலாக, ஒரு காலத்து மக்கள் உலகத்தை எப்படி உணர்ந்தார்கள், செய்தி என்ற வடிவம் அந்த உணர்வை எப்படித் தாங்கியது என்று பாருங்கள் என்றார்.

கட்டுரை சில பக்கங்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு இந்தத் துறையில் எழுதிய எவரும் கேரியோடு உடன்பட வேண்டியிருந்தது அல்லது சண்டை போட வேண்டியிருந்தது. 1981இல் அமெரிக்க இதழியல் வரலாற்றாசிரியர்களுக்கென்று தனிச் சங்கமும் வந்தது.

நடுநிலைமை என்பது பத்திரிகையோடு கூடவே பிறந்ததா?

இல்லை. இதில் அதிகம் பேசப்படும் பெயர் மைக்கேல் ஷட்சன். அவர் ஹார்வர்டில் சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். சிகாகோ, சான் டியாகோ, பிறகு கொலம்பியா என்று வேலை பார்த்தார். ஆய்வேட்டிலிருந்து உருவாகி 1978இல் வந்த அவரது நூல் கேட்ட கேள்வி இதுதான்.

அதுவரை இரண்டு விளக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1833இல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே ஒரு சென்ட் விலையில் 'சன்' நாளிதழைக் கொண்டுவந்தார். மற்றவை ஆறு சென்ட் விற்ற காலம் அது. கட்சிச் சார்பை விட்டால்தான் எல்லாரிடமும் விற்க முடியும், அதனால் நடுநிலைமை வந்தது என்பது ஒன்று. 1846இல் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ் எல்லாக் கட்சிப் பத்திரிகைகளுக்கும் தந்தி வழியே ஒரே சேதியை விற்க வேண்டியிருந்தது, அதனால் வந்தது என்பது இன்னொன்று. ஷட்சன் இரண்டையும் ஏற்கவில்லை. முதல் உலகப் போரின் பிரச்சாரத்தையும், அதன்பின் பெருகிய மக்கள் தொடர்பு அதிகாரிகளையும் பார்த்த பிறகு, 'நேரில் தெரிவதுதான் உண்மை' என்ற நம்பிக்கையே நிருபர்களுக்குப் போய்விட்டது. அந்தச் சந்தேகத்துக்கு மருந்தாகத்தான் 1920களில் நடுநிலைமை ஒரு தொழில்முறை விதியாக உறுதிப்பட்டது என்றார்.

மறுப்புகளும் உண்டு. இருந்தாலும் செய்தி எழுதும் முறைக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு என்று மாணவர்களுக்குப் புரிய வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பத்திரிகையையும் சமூகத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்றால் நடைமுறையில் எப்படி?

என்னைக் கேட்டால் தபால் கட்டணத்திலிருந்து தொடங்கச் சொல்வேன்.

1792இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு தபால் சட்டம் போட்டது. செய்தித்தாளை 100 மைல் வரை அனுப்ப 1 சென்ட், அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் ஒன்றரை சென்ட். அதே சட்டத்தில் ஒற்றைத் தாள் கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 சென்டிலிருந்து 25 சென்ட் வரை. காதல் கடிதத்துக்கும் வியாபாரியின் கணக்குக் கடிதத்துக்கும் கொடுத்த காசில் செய்தித்தாள் பயணம் செய்தது என்று சொன்னால் தப்பில்லை. ரிச்சர்ட் ஜான் என்ற வரலாற்றாசிரியர் காட்டும் கணக்குப்படி, 1832இல் தபாலின் எடையில் சுமார் 95 சதவீதம் செய்தித்தாள். வருமானத்தில் அதன் பங்கு சுமார் 15 சதவீதம் மட்டுமே.

இன்னொரு சலுகையும் இருந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் இன்னொரு பத்திரிகை ஆசிரியருக்குத் தன் இதழைத் தபாலில் இலவசமாகவே அனுப்பலாம். ஒஹையோவில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு நிருபர் கிடையாது. தபால் மூட்டை வரும். அதைப் பிரித்து, பாஸ்டன், பிலடெல்பியா, சார்ல்ஸ்டன் பத்திரிகைகளிலிருந்து பிடித்ததைக் கத்தரித்து, அச்சுக்கோப்பவர் கையில் கொடுப்பார். அடுத்த வாரம் அவருடைய இதழை இன்னொருவர் வெட்டுவார். அன்றைய பத்திரிகைப் பக்கத்தில் கத்தரிக்கோலின் பங்கு பேனாவைவிடப் பெரிது.

இதை இப்போது கணினி வைத்தும் தொடர்கிறார்கள். பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரயன் கோர்டெல், டேவிட் ஸ்மித் இருவரும் தொடங்கிய திட்டம் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எந்தக் கவிதை, எந்தச் சமையல் குறிப்பு, எந்தத் துணுக்கு எத்தனை பத்திரிகைகளில் மறுபதிப்பு ஆனது என்று தேடிக் கண்டுபிடிக்கிறது. வீட்டுக் குறிப்புகளும் நகைச்சுவைத் துணுக்குகளும்கூட ஊர் ஊராகச் சுற்றியிருக்கின்றன. வாட்ஸ்அப் ஃபார்வர்டு பழக்கம் உள்ள நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

வாசகர்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லையே?

சுற்றி வளைத்துத்தான். டேவிட் பால் நார்ட் என்ற பத்திரிகை வரலாற்றாய்வாளர் ஒரு நல்ல வழியைக் கண்டார். 1890களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளர் ஆணையர் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவைச் சேகரித்தார். வாடகை, மாவு, இறைச்சி, விளக்கெரிக்க எண்ணெய் என்று போகும் பட்டியலில் செய்தித்தாளுக்கும் புத்தகத்துக்கும் தனியாக ஒரு செலவு இனம். வாரக்கூலியில் எந்தக் குடும்பம் அதற்குக் காசு ஒதுக்கியது, எது ஒதுக்கவில்லை என்று அதை வைத்துக் கணக்குப் பார்த்தார். ஆசிரியருக்கு வந்த வாசகர் கடிதங்கள், சந்தாப் பதிவேடு, நாட்குறிப்பு எல்லாமே இப்படிப் பயன்படும்.

போருக்குப் படம் அனுப்பச் சொன்ன ஹர்ஸ்ட் தந்தி உண்மையா?

கதை எல்லாருக்கும் தெரியும். 1897இல் ஓவியர் ஃபிரெடரிக் ரெமிங்டன் கியூபாவிலிருந்து, 'இங்கே எல்லாம் அமைதி, போர் வராது, திரும்பி வருகிறேன்' என்று தந்தி அடித்தாராம். 'நீங்கள் படங்களைக் கொடுங்கள், போரை நான் கொடுக்கிறேன்' என்று 'நியூயார்க் ஜர்னல்' பத்திரிகையின் முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் பதில் அடித்தாராம்.

ஜோசப் கேம்ப்பெல் இதைத் துருவினார். பல ஆண்டுகள் நிருபராக இருந்துவிட்டு முனைவர் பட்டம் வாங்கி, வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் அவர். அந்தத் தந்தி எங்கும் கிடைக்கவில்லை. கதைக்கு ஒரே மூலம் ஜேம்ஸ் கிரீல்மன் என்ற நிருபர் 1901இல் எழுதிய நினைவு நூல். தந்தி போனதாகச் சொல்லப்படும் சமயத்தில் கிரீல்மன் கியூபாவிலும் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை, ஐரோப்பாவில் இருந்தார். ஹர்ஸ்ட் அதை மறுத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, 1895 முதலே கியூபாவில் ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் ரெமிங்டனையே அனுப்பினார்கள். போர் நடக்கும் இடத்திலிருந்து 'போர் வராது' என்று எப்படித் தந்தி வரும்?

தந்தி பொய் என்றால் ஹர்ஸ்ட் நல்லவர் என்று பொருளில்லை. 1898இல் அமெரிக்காவும் ஸ்பெயினும் மோதிய போரை ஒரு பத்திரிகை முதலாளி தனியாளாக மூட்டினார் என்ற சுலபமான விளக்கம்தான் விழுந்துபோகிறது.

நியூயார்க், பாஸ்டன் பத்திரிகைகளை மட்டும்தான் படிப்பார்களா?

ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. 1827இல் நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷ், ஜான் ரஸ்வர்ம் இருவரும் 'ஃபிரீடம்ஸ் ஜர்னல்' தொடங்கினார்கள். கறுப்பின மக்கள் தாங்களே சொந்தமாக நடத்திய முதல் அமெரிக்கப் பத்திரிகை. எங்களுக்காக மற்றவர்கள் பேசியது போதும் என்று முதல் இதழிலேயே எழுதினார்கள். பின்னாளில் சிகாகோவின் 'டிஃபென்டர்' பத்திரிகையை ரயிலில் வேலை பார்த்த கறுப்பினப் போர்ட்டர்கள் தெற்கு மாநிலங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இவை இப்போது துறையின் நடுவில் இருக்கின்றன.

நம் பக்கத்துக்கு ஒரு தொடர்பும் இங்கே உண்டு. 1828இல் ஜார்ஜியாவில் நியூ எக்கோட்டா என்ற ஊரில், செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' வெளிவந்தது. ஆசிரியர் எலியஸ் பூடினோ. செரோக்கி, ஆங்கிலம் இரண்டு மொழியிலும் வந்தது. செக்வோயா உருவாக்கிய எழுத்துகளுக்கான அச்செழுத்துகளைப் பாஸ்டனில் வார்த்தார்கள். அதற்கு உதவியவர் சாமுவேல் வுஸ்டர், பாஸ்டனின் அமெரிக்க மிஷன் சங்கம் அனுப்பிய பாதிரியார். அதே சங்கத்தின் மிஷனரிகள்தான் 1816இல் யாழ்ப்பாணம் வந்திறங்கியவர்கள். 1841இல் மானிப்பாய் அச்சகத்திலிருந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் 'உதயதாரகை' வெளியிட்டவர்களும் அவர்களே. இரண்டு இடங்களிலும் மிஷனரிகளுக்கு ஒரே நம்பிக்கை: உள்ளூர் மொழியில் அச்சடித்தால் ஆன்மா வழிக்கு வரும். இரண்டு இடங்களிலும் வாசகர்கள் அந்த அச்சைத் தங்கள் காரியத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். சங்கத்தின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. தமிழும் செரோக்கியும் தெரிந்த ஒருவர் கிடைப்பது கஷ்டம்தான். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கே அங்கே நிறைய வேலை இருக்கிறது.

சரி, இதில் வேலைக்குப் போவது எப்படி?

முனைவர் பட்டத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். முதல் இரண்டு ஆண்டு வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, பிறகு ஆய்வேடு. நடுவில் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். வேலை கிடைத்தால் உதவிப் பேராசிரியர். ஆறாவது ஆண்டுவாக்கில் பணி நிரந்தரத்துக்கான பரிசீலனை, அங்கே டெனியூர் என்பார்கள். வரலாற்றுத் துறையில் என்றால், அதற்குள் ஆய்வேட்டைத் திருத்தி ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக நூலாக்கியிருக்க வேண்டும். நூல் இல்லையென்றால் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்தத் துறைக்கென்று ஒரு சங்கடம் உண்டு. வரலாற்றுத் துறை, 'இது இதழியல் பள்ளியின் வேலை' என்னும். இதழியல் பள்ளி, 'மாணவர்களுக்குச் செய்தி எழுதச் சொல்லித் தருவீர்களா?' என்று கேட்கும். மேலே வந்தவர்களையே பாருங்கள்: மாட் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், ஷட்சன் சமூகவியல், கேம்ப்பெல் நிருபர். நேர்வழி என்று ஒன்று கிடையாது. நிரந்தர வேலைகள் குறைந்துகொண்டு வருவதால், பத்திரிகை வரலாறு மட்டும் தெரியும் என்று சொல்லி விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஊடகச் சட்டமோ தகவல் தொடர்பியலோ சேர்த்துக் கற்பிக்கத் தெரிந்திருந்தால் நல்லது.

நிருபராக இருந்த அனுபவம் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. இருந்தால் ஒரு செய்தி எப்படி அவசரத்தில் தயாராகிறது என்று தெரிந்திருக்கும். ஆனால் பழைய ஆசிரியர்களை நம் சக ஊழியர்கள் போல மன்னித்துவிடும் ஆபத்தும் கூடவே வரும்.

எல்லாம் இப்போது கணினியில் இருக்கிறதே, காப்பகத்துக்குப் போக வேண்டுமா?

போக வேண்டும். ஓசிஆர் தேடல், அதாவது படத்தில் உள்ள அச்செழுத்தைக் கணினியே படித்துத் தேடுவது, கிழிந்த தாளிலும் தேய்ந்த எழுத்திலும் தடுமாறும். பதினெட்டாம் நூற்றாண்டின் நீண்ட 'எஸ்' எழுத்தை 'எஃப்' என்று படிக்கும். நீங்கள் தேடிய சொல் கிடைக்கவில்லை என்றால் அது பத்திரிகையில் இல்லை என்று அர்த்தமாகாது.

இன்னொரு சிக்கல் அதற்கும் முந்தையது. மைக்ரோஃபிலிம் எடுத்தாகிவிட்டது என்று சொல்லிப் பல நூலகங்கள் அசல் தாள்களைக் கழித்துக்கட்டின. புலிட்சரின் 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையின் ஞாயிறு வண்ணப் பக்கங்கள் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் சாம்பலாகத் தெரியும். எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் 1999இல் பிரிட்டிஷ் நூலகம் விற்ற அமெரிக்கப் பத்திரிகைத் தொகுப்புகளைத் தன் முயற்சியில் வாங்கிக் காப்பாற்றினார். அவை இப்போது டியூக் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நூலகர்களை அவர் திட்டியது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தாள்கள் தப்பித்தது அவரால்.

ஆராய்ச்சிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு ஆன்டிக்வேரியன் சொசைட்டி போன்ற இடங்கள் ஓரிரு மாத உதவித்தொகை தருகின்றன. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்கா போகாமல், வீட்டிலிருந்தே தொடங்க முடியுமா?

முடியும். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் 'க்ரானிக்லிங் அமெரிக்கா' தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட பத்திரிகைப் பக்கங்கள் இலவசமாக இருக்கின்றன. மாநிலம், ஆண்டு, மொழி வாரியாகத் தேடலாம். பிரபலமான பத்திரிகையை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு சிற்றூர் வார இதழை எடுத்து ஓர் ஆண்டு முழுக்க வரிசையாகப் படியுங்கள். சொல் போட்டுத் தேடாதீர்கள், பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: வேறு பத்திரிகையிலிருந்து வெட்டிப் போட்ட சேதி, உள்ளூர்ச் சேதி, விளம்பரம். முதல் மாதம் அலுக்கும். மார்ச் வாக்கில், சந்தா பாக்கி வைத்திருப்பவர்களை ஆசிரியர் மிரட்டும் அறிவிப்பு எங்காவது ஒரு மூலையில் வரும். விறகோ சோளமோ கொடுத்தாலும் சரி, வாங்கிக்கொள்கிறேன் என்பார். அதை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள்.